கண்ணாடி அலுமாரியில் ஓர் இயந்திர மனிதன்

எங்கள் குடும்பம் அந்நாட்களில் உறுதியாக நம்பிய செய்தி இது: இங்கிலாந்துக்குத் திரும்பிப் போன தோட்டத்துத் துரை, காரில் ஏறுவதற்கு முன் என் பெரியப்பாவை மட்டும் தனியே அழைத்து, தம் மகனின் பிளாஸ்டிக் இயந்திர மனிதனைப் பெட்டியோடு இரு கைகளாலும் எடுத்துக் கொடுத்து, "இதைப் பாதுகாக்க இந்தத் தோட்டத்தில் உம்மை விட்டால் ஆளில்லை" என்று சொன்னார். சொன்னபோது துரையின் கண்கள் கலங்கியிருந்தன. கண் கலங்கிய விவரம் முதல் வருடத்துக் கதையில் இல்லை. இரண்டாம் வருடத்தில் வந்து சேர்ந்தது. நாங்கள் அதையும் நம்பினோம்.

பெரியப்பா என் தகப்பனாரின் மூத்த சகோதரர். வட்டகொடைக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தின் காரியாலயத்தில் இரண்டாவது கிளாக்கர். தோட்டத் தொழிலாளரின் லயத்து அறையில் பிறந்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்து, கோட்டு அணிந்து, முன்னறையும் சமையலறையும் தனித்தனியாக உள்ள ஒரு வீட்டுக்குக் குடிபோனவர் எங்கள் வம்சத்தில் அவர் ஒருவர்தான். அந்த முன்னறையில், சுவரோடு ஒட்டிய ஒரு கண்ணாடி அலுமாரியின் நடுத்தட்டில், விரித்த வெல்வெட் துணியின்மேல் இயந்திர மனிதன் நின்றான். மேல்தட்டில் சாமி படம் இருந்தது. வீட்டுக்கு வந்தவர்களுக்குப் பெரியப்பா முதலில் காட்டியது நடுத்தட்டைத்தான்.

உயரம் ஒரு சாணுக்குச் சற்று அதிகம். நிறம் சாம்பல். தலை, கவிழ்த்த கண்ணாடிக் கிண்ணம்போல ஊடுருவித் தெரியும், உள்ளே பல்சக்கரங்கள். மார்பில் சிவப்பாக மூன்று விளக்குகள். முழங்கை மடங்கும், கழுத்து திரும்பும். விரல்களுக்குப் பதிலாக நண்டுக் கொடுக்குகள். இது கடையில் முழு உருவமாகக் கிடைக்கும் பொருளல்ல. பெட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் சட்டம் இருக்கும். கிளையில் இலைகள் ஒட்டியிருப்பதுபோல் அதில் தலையும் கையும் சக்கரமும் துண்டு துண்டாக ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றையும் நறுக்கி எடுத்து, எண் பார்த்து, பசையிட்டுப் பொருத்த வேண்டும். கூடவே வரும் படத்தாளில் முறை எழுதியிருக்கும். பெரியப்பாவிடம் இருந்த படத்தாளில் கீழ்ப்பாதி இல்லை. அதனால் கால்கள் இடம் மாறிவிட்டன. இரண்டு பாதங்களும் ஒன்றையொன்று விசாரிப்பதுபோல் உள்நோக்கித் திரும்பி நின்றன.

அவருடைய மகள் மல்லிகா அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவள். ஒருநாள் அவள்தான் கேட்டாள்.

"அப்பா, காலு ரெண்டும் மாத்தி ஒட்டியிருக்கீங்களா?"

"மாத்தியா? இது மலையில எறங்குறதுக்குன்னே செஞ்ச ரோபோட்டு. பாதம் இப்படி இருந்தாத்தான் சறுக்காது. கொழும்புக்காரனுக்குச் செய்யிறது வேற மாதிரி இருக்கும்."

மலைநாட்டின் சரிவுகளை மனத்தில் கொண்டு எந்த நாட்டுத் தொழிற்சாலை பொம்மை செய்தது என்று அக்கா கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் விடை இருந்திருக்கும்.

காட்சிக்கென்று ஒரு முறை இருந்தது. வந்தவர் முதலில் தேநீர் குடித்து முடிக்க வேண்டும். கைகளைத் துடைத்துக்கொள்ள வேண்டும். தொடுவதற்காக அல்ல, மரியாதைக்காக. பிறகு பெரியப்பா, பெரியம்மாவின் சுவெட்டர் பின்னும் ஊசி ஒன்றை எடுத்துவருவார். அலுமாரியின் கதவைத் திறப்பார். எங்கள் ஊர்க் குளிரில் வாயைத் திறந்தால் புகை வரும். அது பிளாஸ்டிக் தலையில் படிந்துவிடுமாம்.

"மூச்ச இழுத்துப் புடிச்சுக்கிட்டுப் பாருங்க. விட்டுறாதீங்க."

வந்தவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, பெரியப்பா ஊசி முனையால் தலை தொடங்கிப் பாதம் வரை வருவார். சக்கரத்துக்குச் சக்கரம் நிறுத்தி, பல் பல்லாக விளக்குவார். மார்பு விளக்குகளை அடைவதற்குள் வந்தவரின் முகம் அந்த விளக்குகளின் நிறத்தை அடைந்துவிடும். முழுக் காட்சியையும் மூச்சு விடாமல் பார்த்து முடித்தவர் எங்கள் தேயிலைத் தொழிற்சாலையின் கொதிகலன் பார்த்த முதியவர் ஒருவர்தான். அவருக்குக் காது கேட்காது. ஆகவே, எப்போது முடிகிறது என்பது தெரியாமல் நின்றுவிட்டார்.

கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் அந்த வீட்டைக் கடக்கும்போது உள்ளே எட்டிப் பார்த்து, "கண்ணாடிக் கங்காணி சொகமா இருக்காரா?" என்று கேட்பார்கள். ஒருத்தி ஒருநாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கைகூப்பினாள்.

"ஐயா, எங்க கங்காணியையும் இதுமாதிரி ஒரு அலுமாரிக்குள்ள வச்சுப் பூட்டுங்களேன். ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

பெரியப்பா அதைப் புகழ்ச்சியாகவே எடுத்துக்கொண்டார்.

அவருடைய உண்மையான குணம், பொம்மையைப் பற்றிப் பேசும்போதல்ல, பொம்மை வந்த வழியைப் பற்றிப் பேசும்போதுதான் வெளிப்படும். எதிரில் இருப்பவருக்குத் தெரிந்த ஒன்று தமக்குத் தெரியாமல் இருப்பதை அவரால் பொறுக்க முடியாது. தலவாக்கலையில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் வியாபாரி நானா பண்டிகைக்குச் சேலைகள் கொண்டுவந்தபோது, பொம்மையைப் பார்த்துவிட்டு, "எங்க எடுத்தீங்க கிளாக்கர்?" என்று கேட்டார்.

"கொழும்புக் கோட்டையில."

"கோட்டையில எந்தக் கடை? எனக்குத் தெரியாத கடையா?"

"ஒங்களுக்குத் தெரிஞ்ச கடையில இது கெடைக்காது நானா."

லண்டன் பத்திரிகை ஒன்றுக்கு ஆங்கிலக் கட்டுரை எழுதிப் பெற்ற பரிசு என்று போதகரிடம் சொன்னார். போதகருக்கு எழுத்தில் ஆசை உண்டு. சமையலறையில் அக்காவும் நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். துரை கொடுத்த விஷயம் வீட்டு ரகசியம், வெளியாட்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை என்று அவருக்காக நாங்களே சமாதானமும் செய்துகொள்வோம்.

இலங்கை சுதந்திரம் பெற்ற கையோடு எங்களில் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் உரியவர்களாக இல்லாமல் போயிருந்தோம். பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும். இந்த மண்ணை விட்டு நெடுநாள் நீங்காமல் வாழ்ந்தோம் என்று நிரூபிக்க வேண்டும். அந்த விண்ணப்பப் படிவங்கள் வந்த நாட்களில் பெரியப்பா செய்த வேலையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். காரியாலயம் முடிந்ததும் மேசையை வாசலில் போட்டுக்கொண்டு, லயம் லயமாக வந்தவர்களுக்குத் தம் அழகிய கையெழுத்தில் படிவங்களை நிரப்பிக் கொடுத்தார். யார் எந்த மாதம் இந்தியாவிலுள்ள ஊருக்குப் போய்வந்தார், திரும்பிய கப்பல் எது என்று துருவித் துருவிக் கேட்டு எழுதினார்.

"ஒரு எழுத்து மாறக் கூடாது. வாயி ஒண்ணும் தாளு ஒண்ணுமாச் சொன்னீங்கன்னா, அம்புட்டுத்தான்" என்று எச்சரித்தார். என் தகப்பனாரின் படிவத்தை எழுதியவரும் அவரே. அது தடையின்றி ஏற்கப்பட்டது.

பெரியப்பாவின் சொந்தப் படிவம் ஆண்டுக்கணக்கில் தூங்கியது. அக்கா பள்ளிப் படிப்பை முடித்து, ஆசிரியப் பயிற்சிக் கலாசாலைக்கு விண்ணப்பிக்கக் காத்திருந்த வேளையில்தான் விசாரணை உத்தியோகத்தர் தோட்டத்துக்கு வந்தார். பிரஜாவுரிமை இல்லாமல் கலாசாலை இல்லை. தகப்பனுக்குக் கிடைத்தால்தான் மகளுக்கும் கிடைக்கும்.

உத்தியோகத்தர் தமிழ் நன்றாகப் பேசும் ஒரு சிங்களக் கனவான். பெரியப்பாவின் பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, திருமணச் சான்று எல்லாவற்றையும் பார்த்தார். நாடாவால் கட்டிய கட்டு அது. ஒரு தாள்கூட மடங்கியிருக்கவில்லை. "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று கோப்பை மூடிவிட்டு எழுந்தார். சமையலறைக் கதவின் பின்னால் அக்கா என் கையை இறுகப் பற்றினாள்.

"ஐயா, ஒரு நிமிஷம்" என்றார் பெரியப்பா. "இவ்வளவு தூரம் வந்துட்டு இதப் பாக்காமப் போகக் கூடாது."

ஊசி வந்தது. கதவு திறந்தது. உத்தியோகத்தர் மரியாதையுள்ளவர், மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். பிறகு புன்னகையோடு, "நான் மெட்ராஸ் போன நேரம் ஒரு கடையில் இதே மாதிரி ஒன்று பார்த்தேன்" என்றார்.

பெரியப்பாவின் முகம் வாடியதை நான் கதவிடுக்கில் கண்டேன். உலகத்தில் இன்னொன்று இருக்கிறது. அதை இவர் பார்த்திருக்கிறார். அந்த வாட்டம் ஒரு நொடிதான் நீடித்தது.

"அதே கடைதாங்க. நானும் அங்கதான் எடுத்தேன்."

"நீங்கள் மெட்ராஸ் போனீர்களா?"

"போகாமலா? ஒரு வருஷத்துக்கு மேல அங்கதான் இருந்தேன். சந்துபொந்தெல்லாம் தெரியும்."

"எப்போது?"

பெரியப்பா ஒரு வருடத்தைச் சொன்னார். அந்த வருடத்தில் இப்படியொரு பொம்மை செய்யலாம் என்று உலகத்தில் எவருக்கும் தோன்றியிருக்குமா என்பதே சந்தேகம்.

"மனைவியுமா?"

"அவளையும் கூட்டிக்கிட்டுத்தான்."

தேநீர்க் கோப்பைகளை எடுக்க வந்த பெரியம்மா அப்படியே நின்றார். "என்னையா? ஐயா, இவரு என்னயக் கூட்டிக்கிட்டுப் போன தூரம் நானுஓயா. அதுவும் பல்லுப் புடுங்க."

"பொம்பள ஆளு, மறந்திருப்பா" என்றார் பெரியப்பா.

பிறந்த நாளிலிருந்து கொழும்பைத் தாண்டியிராத அந்த மனிதரை உத்தியோகத்தர் சற்று நேரம் பார்த்தார். பிறகு மறுபடி நாற்காலியில் அமர்ந்து, மூடிய கோப்பைத் திறந்தார்.

சில வாரங்களில் கடிதம் வந்தது: நாட்டை விட்டு நீங்கியிருந்ததை மறைத்த காரணத்தால் விண்ணப்பத்தை ஏன் நிராகரிக்கக் கூடாது என்று நுவரெலியாவின் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் வந்து விளக்க வேண்டும். பெரியப்பா வாய்க்கு வந்தபடி சொன்ன வருடத்தின் சம்பளப் புத்தகங்கள், காரியாலயக் கூரை ஒழுகியதில் மட்கிப் போயிருந்தன. அவர் தோட்டத்தில்தான் இருந்தார் என்பதற்குக் காகிதம் இல்லை. அன்றைக்குத்தான் பெரியம்மா உண்மையைச் சொன்னார்.

துரை குடும்பம் போன மறுநாள், பங்களாவின் தளபாடங்களைப் பட்டியலிடக் காரியாலயத்திலிருந்து அனுப்பப்பட்டவர் பெரியப்பா. பங்களாவில் சமையல் பார்த்த அப்பு, துரை மகன் பாதியில் விட்டுப்போன அந்தப் பெட்டியைப் பின்புறக் குப்பைக் குழியில் கொட்டியிருக்கிறார். பெரியப்பா குழிக்குள் இறங்கிப் பொறுக்கியிருக்கிறார்.

"கோட்டு உப்பிப்போயி வந்தாரு" என்றார் பெரியம்மா. "நான் கோழி திருடிட்டு வந்துட்டாரோன்னு பயந்துட்டேன்."

வீட்டுக்கு வந்த துண்டுகளைக் கழுவி, தீப்பெட்டிகளில் பிரித்து வைத்து, எட்டு மாதம் ஒட்டியிருக்கிறார். இடது கைக் கொடுக்கு மட்டும் குழியில் கிடைக்கவில்லை. பழைய பல்துலக்கி ஒன்றின் கைப்பிடியை விளக்கில் காட்டி வளைத்து, சவரக் கத்தியால் செதுக்கி, அந்தக் கொடுக்கைத் தாமே செய்திருக்கிறார். கையில் இரண்டு இடத்தில் சுட்டுக்கொண்டும் விடவில்லையாம். சற்று மஞ்சளாக இருந்த அந்தக் கையை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அது வேறு பொருள் என்று தோன்றியதே இல்லை. அத்தனை நேர்த்தி. அந்தப் பொம்மையில் அவர் மெய்யாகவே பெருமைப்பட இருந்தது அது ஒன்றுதான். ஊசி முனை அந்தக் கையை மட்டும் ஒருநாளும் தொட்டதில்லை.

என் தகப்பனார் அவரிடம் கெஞ்சினார். "அண்ணே, குப்பக்குழியில எடுத்தேன், மெட்ராஸுன்னு சும்மா பெருமைக்குச் சொன்னேன்னு சொல்லுங்க. இது போதும். அப்பு சாட்சி சொல்றேங்கிறாரு."

"எங்க ஆபீசு பெரிய கிளாக்கரும் சாட்சிக்கு வர்றாருடா."

"வரட்டுமே."

"அவரு முன்னாடியா?"

பெரியப்பா அன்றிரவும் மறுநாளும் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அக்கா அவர் எதிரில் போய் நின்றாள். "எனக்காக அப்பா" என்றாள். அவர் சம்மதமாகத் தலையை அசைத்தார்.

இயந்திர மனிதன் சுவெட்டர்களுக்கு நடுவே தேயிலைப் பெட்டி ஒன்றில் படுத்து, வட்டகொடையில் ரயில் ஏறி, நானுஓயாவில் பஸ் மாறி, நுவரெலியாவுக்கு வந்து சேர்ந்தான். அவனும் ஒரு சாட்சி என்பது பெரியப்பாவின் வாதம். அக்காவும் நானும் கச்சேரியின் நடையில் கிடந்த வாங்குப் பலகையில் அமர்ந்திருந்தோம். கதவு திறந்தே இருந்ததால் உள்ளே நடந்தவை அனைத்தையும் கண்டோம்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் வயதான அதிகாரி, பொறுமைசாலி. தம் கோப்புகளுக்கு நடுவில் நிறுத்தப்பட்ட பொம்மையைப் பார்த்து அவர் கோபிக்கவில்லை. பெரியப்பா கோட்டுப் பையிலிருந்து ஊசியை எடுத்தபோதும் தடுக்கவில்லை. தலை முடிந்தது, கழுத்து முடிந்தது, மார்பு விளக்குகளுக்கு வந்தபோதுதான், "இது எங்கே கிடைத்தது? அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார்.

பெரியப்பா ஊசி முனையை அடுத்த விளக்குக்கு நகர்த்தினார். அதிகாரி அப்புவின் பக்கம் திரும்பினார்.

"தொரை பங்களாக் குப்பக்குழியில எடுத்ததுங்க ஐயா" என்றார் அப்பு. "நாந்தாங்க கொட்டுனேன். மீன்செதிலும் முட்டைத் தோடும் கெடந்திச்சு. கிளாக்கர் ஐயா முழங்காலு வரைக்கும் எறங்கி, ஒண்ணொண்ணா ஊதி ஊதி எடுத்தாரு."

சுவரோரம் அமர்ந்திருந்த பெரிய கிளாக்கர் சிரித்துவிட்டார். சத்தமாகக்கூட இல்லை, மூக்கு வழியாக வந்த சிறு சிரிப்பு. ஆனால் பெரியப்பாவின் கையிலிருந்த ஊசி நின்றது.

"பொய்யி" என்றார்.

"ஏங்க…" என்றார் பெரியம்மா.

"பொய்யிங்க ஐயா. இவன் குடிகாரன். இது தொரை எங்கையில தந்தது. கண்ணு கலங்கித் தந்தது."

அதிகாரி கோப்பின் தாளைப் புரட்டினார். "அப்படியென்றால் மெட்ராஸில் வாங்கியது?"

அக்கா வாங்கிலிருந்து எழுந்து கதவருகே போய் நின்றாள். பெரியப்பா அவளைப் பார்த்தார். பிறகு பெரிய கிளாக்கரைப் பார்த்தார்.

"மெட்ராஸ்ல வாங்குனது வேற ஒண்ணு" என்றார்.

கோப்பு மூடப்பட்டது. இம்முறை அது திரும்பத் திறக்கப்படவில்லை.

வெளியே படிக்கட்டில் அப்பு தலையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். "நான் ஒரு சொட்டுத் தொட்டதில்லம்மா" என்று பெரியம்மாவிடம் சொன்னார். பெரியம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். திரும்பும் பஸ்ஸில் பெரியப்பா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஓர் அந்நியரின் பக்கத்தில் அமர்ந்தார். நானுஓயா வருவதற்குள் மூடி திறந்திருந்தது. அந்நியர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அலுமாரிக் கண்ணாடியை ஞாயிற்றுக்கிழமைகளில் துடைப்பது அக்காவின் வேலையாக இருந்தது. நுவரெலியாவுக்குப் போய்வந்த பிறகு அவள் அதைத் தொடவில்லை. ஏன் என்று பெரியப்பாவும் கேட்கவில்லை; தாமே சேவல் இறகால் துடைத்துக்கொண்டார். கலாசாலை விண்ணப்பத்தை அக்கா என்னிடம் தந்தாள். "ஒனக்கு இருக்குல்ல, நீ எழுது" என்றாள். அவள் பெயரை எழுதாமல் வைத்திருந்த கோட்டில் நான் என் பெயரை எழுதினேன்.

பின்னர் இலங்கை, இந்திய அரசாங்கங்கள் ஒப்பந்தம் செய்துகொண்டன. நிராகரிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் இந்தியாவுக்குத் 'திரும்ப' வேண்டியவர்களானார்கள். பெரியப்பா குடும்பம் புறப்பட்ட காலையில் வட்டகொடை ஸ்டேஷன் முழுவதும் அழுகை. பெரியம்மா என் தாயின் கழுத்தை விடவில்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியப்பா மட்டும் ரயில் பெட்டிக்குள் ஏறி, ஜன்னலோரம் அமர்ந்து, அழுதுகொண்டிருந்த முன்பின் தெரியாத ஓர் இளந்தம்பதிக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எதுக்குப் பயப்படுறீங்க? மெட்ராஸ் எனக்குப் பழக்கந்தான். எறங்குனதும் நான் வழி காட்டுறேன்."

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் அவரை நம்பினாள். ரயில் நகர்ந்தபோது அவர் எங்களை நோக்கிக் கையசைக்கவில்லை. அவர்களுக்கு எந்தத் தெருவையோ காற்றில் விரலால் வரைந்து காட்டிக்கொண்டிருந்தார். அவர் மீது எனக்கிருந்த கோபம் அதுவரை குறையவில்லை. அந்த விரலைப் பார்த்த பிறகு, அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் போயிற்று.

அவர்களை நீலகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். கையெழுத்து அழகாக இருந்தும் பெரியப்பாவுக்கு அங்கே காரியாலயத்தில் இடமில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் சாக்குப் பிடித்தார். மூன்றாம் ஆண்டு காலமானார். பெரியம்மா அவருக்குப் பின் ஒன்பது ஆண்டுகள் இருந்தார். என் பெற்றோரையும் நான் வட்டகொடையிலேயே அடக்கம் செய்துவிட்டேன். அக்கா கோத்தகிரியில் இருக்கிறாள். நான் இங்கே இருக்கிறேன்.